நான் வெட்டிய பாதம்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். இதைக் கேட்டு நீங்களும் சிரிப்பீர்கள், பரவாயில்லை, சிரியுங்கள்.

போர்ட் பிளேர் குட்வில் எஸ்டேட்டில் செயற்கைக்கால் செய்யும் சின்னக் கூடத்தில் எனக்கு வேலை. அறையை இருட்டாக்கி, புரொஜெக்டரிலிருந்து காலின் மேல் வரிவரியாக வெளிச்சம் அடிப்போம். கால் அசைய அசைய வரிகள் வளையும், இரண்டு கேமராக்கள் அதைப் பிடிக்கும், திரையில் அந்தக் கால் முப்பரிமாணத்தில் அப்படியே அசையும். வரி நன்றாகத் தெரிய முதலில் தோலில் வெள்ளைப் பவுடர் பூசச் சொல்வோம்.

அன்று நண்பகலில் வந்தவர் செல்வம் அண்ணன். ஹேடோ துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கும்போது வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக்கால் மாட்டி நடந்து காட்டினால்தான் மறுபடி வேலை, மனிதர் அதற்காகத் தவித்துக்கொண்டிருந்தார். இல்லாத பாதம் ஓயாமல் வலிக்கிறது என்றும் சொன்னார். அப்படி வலிப்பது உண்டு, டாக்டர்களே சொல்வார்கள்.

என் வாய் சும்மா இருந்ததா? நல்ல காலை அளக்கும்போது சொல்கிற பழக்கதோஷத்தில், "விரல் வரைக்கும் பூசுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அரே பாய், விரலை மட்டும் ஏன் விடணும்?" என்று சிரித்தபடி குனிந்து, பாதம் இருக்க வேண்டிய வெறும் காற்றில் சாவகாசமாகப் பூசினார். பவுடரெல்லாம் தரையில் கொட்டியது.

முழங்காலை ஆட்டச் சொல்லிப் பத்து விநாடி பதிவு செய்தேன். திரையைப் பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், பாதம் இருந்தது, ஐந்து விரல்களும் மடங்கி விரிந்தன. நிமிர்ந்து அவரைப் பார்த்தால் அங்கே ஒன்றுமில்லை.

வேறு யாருடைய பதிவோ கலந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவரிடம் மூச்சு விடாமல் வெளியே உட்காரச் சொன்னேன். அச்சு எடுக்க வேண்டாத பகுதியை வெட்டுவது தினமும் செய்கிற வேலைதானே, திரையில் அவர் கால் முடிகிற இடத்தில் கோடு போட்டு வெட்டினேன்.

வெளியே செல்வம் அண்ணன் அலறினார். ஓடிப் போனால், ஒன்றுமில்லாத இடத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி பெஞ்சிலிருந்து சரிந்து கிடக்கிறார். சற்று நேரத்தில் அடங்கி, "பாய், வலி போச்சு" என்றார். முகத்தில் சந்தோஷமே இல்லை.

செயற்கைக்கால் பொருந்தியது, வேலையும் கிடைத்தது. போன வாரம் கடைத்தெருவில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"முன்னாடி வலிச்சாலும் கால் இருக்குன்னு இருந்துச்சு பாய். இப்ப பில்குல் ஒண்ணுமில்ல. அன்னைக்கு உள்ள என்ன பண்ணினீங்க?"

டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றினேன். வெட்டிய பகுதியை அழிக்க எனக்குக் கை வரவில்லை, இன்னும் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. அவரைக் கடைத்தெருவில் பார்த்த அன்று சாயங்காலம் மனசு கேட்காமல் திறந்து பார்த்தேன். பத்து விநாடி முடிந்து பதிவு நின்ற பிறகும் விரல்கள் மடங்கி விரிந்துகொண்டே இருந்தன.