டூர்னு சொல்லியிருக்கலாம்ல?

போன வியாழக்கிழமை காலை பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் ஒரு பெண்ணுக்காகக் காத்திருந்தேன். சென்னை விமானத்தில் வந்த கடைசிப் பயணிகூடப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். நான் எதிர்பார்த்தவர் மட்டும் வெளியே வரவே இல்லை.

அவர் வராததற்குக் காரணம் நான். என் குடும்பம். கோபம் இன்னும் ஆறவில்லை... ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அவர் பெயர் மாரிச்செல்வி. பாளையங்கோட்டையில் தன் வீட்டு முன்னறையிலேயே பியூட்டி பார்லர் நடத்துகிறவர். இன்ஸ்டாகிராமில் அவர் அலங்கரித்த மணப்பெண்களைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். மாவு பூசிய முகம் ஒன்றுகூட இருக்காது. அந்தந்தப் பெண் அந்தந்தப் பெண்ணாகவே இருப்பாள் — நன்றாகத் தூங்கி எழுந்த மாதிரி, அவ்வளவுதான்.

என் அக்கா மகள் தர்ஷினிக்கு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்மலை முருகன் கோயிலில் கல்யாணம். மாரிச்செல்விதான் மேக்கப் போடவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பினாங்கில் மேக்கப் போட ஆளா இல்லை? இருக்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டிலிருந்தே ஆள் வரவழைத்தோம் என்று சொல்லிக்கொள்வதில் அக்காவுக்கும் ஒரு பெருமை.

போனில் பேசி ஏற்பாடு செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. மாரிச்செல்விக்கு இது முதல் வெளிநாட்டுப் பயணம். இதற்காகவே பாஸ்போர்ட் எடுத்தார். அவர் கேட்ட முதல் கேள்வியே இதுதான்:

"அக்கா, நான் வேலை பாக்கத்தானே வாரேன்... அதுக்குன்னு தனி விசா எதுவும் எடுக்கணுமா?"

"இந்தியாவுல இருந்து வர்றவங்களுக்கு இப்ப விசாவே வேணாம்மா" என்றேன். பெரிய மேதாவி மாதிரி!

அந்தச் சலுகை சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு. வேலை செய்து சம்பாதிக்க வருகிறவர்களுக்கு இல்லை — அது ஒரே ஒரு நாள் வேலையாக இருந்தாலும் சரி. இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாதா? தெரியும். யோசிக்கச் சோம்பல்.

ஒரு வாரம் கழித்து அதையே மறுபடி கேட்டார். இந்த முறை அக்கா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

"கேட்டா டூர்னு சொல்லிடும்மா. எல்லாரும் அப்படித்தான்லா வர்றாங்க. நாலு நாள்தானே!"

மறுமுனையில் இழுத்தாற்போல் "சரிக்கா."

அந்தச் 'சரிக்கா'வில் சம்மதம் இல்லை என்பது ஸ்பீக்கரில் எனக்கு நன்றாகவே கேட்டது. கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இப்போது விமான நிலையத்துக்கு வருவோம். மாரிச்செல்வி வாட்ஸ்அப்பில் அழைத்தார்.

"அக்கா, என்னைத் தனியா ஒரு ரூம்ல உக்கார வச்சிருக்காங்க. பாஸ்போர்ட்டையும் வாங்கி வச்சிட்டாங்க."

"என்னம்மா கேட்டாங்க? நீ என்ன சொன்னே?"

"எதுக்கு வந்தேன்னு கேட்டாங்க. டூர்னு சொல்லணும்னுதான் இருந்தேன். வாய் வரலக்கா. கல்யாணப் பொண்ணுக்கு மேக்கப் போட வந்திருக்கேன்னு சொல்லிட்டேன்... நான் எதுவும் தப்பாச் சொல்லிட்டேனா?"

இதற்கு நீங்களாக இருந்தால் என்ன பதில் சொல்வீர்கள்?

அங்கே இங்கே விசாரித்து, கடைசியில் ஒரு குடிநுழைவு (இமிக்ரேஷன்) அதிகாரியைப் பிடித்தேன். கெஞ்சினேன். அந்த அம்மா குரலை உயர்த்தவில்லை. இங்கே வேலை செய்ய வருகிறவருக்கு அதற்கான பாஸ் வேண்டும், வரவழைக்கும் நீங்கள்தான் முன்கூட்டியே விண்ணப்பித்திருக்க வேண்டும் என்று மலாயில் பொறுமையாக விளக்கினார். பிறகு ஒன்று கேட்டார்: "அவர் எங்களிடம் உண்மையைச் சொன்னார். நீங்கள் ஏன் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை?"



அடுத்த சென்னை விமானத்தில் மாரிச்செல்வியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. தர்ஷினியை ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அவள் நிறத்துக்கென்றே ஃபவுண்டேஷன் கலந்து எடுத்து வந்திருந்தார். அதுவும் அவரோடு திரும்பிப் போனது.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். 'ஐயோ பாவம், மொழி தெரியாத ஊரில் தனியாக உட்கார்ந்திருந்தாளே' என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா?

"டூர்னு சொல்லியிருக்கலாம்ல? அவ்வளவு படிச்சுப் படிச்சுச் சொல்லியும்... என்ன பொம்பளைலா இவ!" — இது அக்கா.

"விவரம் பத்தாது" — இது மாமா.

கவனியுங்கள். பொய் சொல்லச் சொன்ன நாங்கள் விவரமானவர்கள். உண்மையைச் சொன்னவர் விவரம் பத்தாதவர்!

அதோடு நின்றதா? மறுநாள் தர்ஷினியின் தோழி ஒருத்தி மாரிச்செல்வியின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போய் எழுதுகிறாள்: 'இவங்களை நம்பி புக் பண்ணாதீங்க. கடைசி நேரத்துல வரமாட்டாங்க.' அதற்கு எங்கள் உறவுக்காரர்கள் நாலு பேர் லைக் வேறு.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கையில் மருதாணியோடு உட்கார்ந்திருந்த தர்ஷினியிடம் காட்டினேன். "சித்தி, அதை உடனே அழிக்கச் சொல்லுங்க" என்றாள். அழிக்க வைத்தேன். பிறகு அதே இடத்தில் என் பெயரில் எழுதினேன்: 'இவர் வந்தார். முறையான அனுமதி எடுக்காமல் வரச்சொன்னது நாங்கள். பொய் சொல்லாததால் திருப்பி அனுப்பப்பட்டார். தப்பு எங்களுடையது.'

"கல்யாண வீட்டு மானத்தையே வாங்கிட்டியே!" என்று அக்கா சத்தம் போட்டார். பாளையங்கோட்டையில் இருக்கிறவருக்கு மானம் கிடையாதா அக்கா?

கல்யாணம் நன்றாகவே நடந்தது. பக்கத்து ஊரான பிறையிலிருந்து வந்த ஒரு பெண் அழகாக மேக்கப் போட்டுவிட்டார். அவரையே முதலில் கூப்பிட்டிருக்கலாம்.

சமைக்க, மேளம் வாசிக்க, கோபுரத்துக்கு வர்ணம் அடிக்க... இந்த ஒரு 'டூர்னு சொல்லு'வை நம்பி எத்தனை பேரை விமானம் ஏற்றியிருக்கிறோம்? மாட்டிக்கொண்டால் அந்த அறையில் உட்காரப்போவது அவர்கள். ஊர் திரும்பி நாலு பேருக்குப் பதில் சொல்லப்போவதும் அவர்கள். நாமோ பந்தியில் அடுத்த வேளைச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

திங்கட்கிழமை மாரிச்செல்வியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். கோபமாகக் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை.

"பொண்ணு கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதாக்கா?" என்று கேட்டார். பிறகு அதே நிதானத்தில் சொன்னார்: "இனிமே யாரு கூப்பிட்டாலும், எந்த விசான்னு காயிதத்துல பாக்காம நான் கெளம்ப மாட்டேன். உங்களையும் சேத்துத்தான் சொல்லுதேன்."

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை அக்கா வாரா வாரம் விடாமல் படிப்பார். இதையும் படிக்கட்டும்.