அடுத்த கப்பல்வரை

வெளுத்த துணியின் வாசனை என்றால் உங்களுக்குப் பொங்கலுக்கு எடுத்த புதுச்சட்டை நினைவுக்கு வரலாம்; எனக்கோ மூக்கை அரிக்கும் பிளீச்சிங் பவுடரும், எங்கள் ஒற்றை அறை முழுக்கப் பறந்து சோற்றுத் தட்டிலும் வந்து உட்காரும் பஞ்சுத் துகளும்தான் நினைவுக்கு வருகின்றன. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டித் தறிகளில் நெய்து வெளுத்த பேண்டேஜ் துணி எங்கள் அகதி முகாமுக்கு வேனில் வரும். அதைக் கைச்சக்கரத்தில் இறுக்கிச் சுற்றி, நுனியை மடித்து, தாளில் பொதிந்து கொடுப்பது முகாமின் பெண்களும் பிள்ளைகளும் செய்த வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மன்னாரிலிருந்து படகேறி, மண்டபத்தில் கரை சேர்ந்து, லாரியில் கொண்டுவந்து இறக்கப்பட்ட எங்களுக்கு இந்த ஊர் முதலில் அந்த வாசனையாகத்தான் அறிமுகமானது.

அக்கா வதனியைப் பதினொன்றாம் வகுப்பிலும் என்னை ஆறாம் வகுப்பிலும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த மட்டுக்கும் யாரும் தடை சொல்லவில்லை. அக்காவுக்கு டாக்டராக வேண்டும். ஊரில் ஷெல் பட்டவர்களை வைத்தியசாலைக்கு டிராக்டர் பெட்டியில் போட்டுக்கொண்டு போனதையும், பாதி வழியிலேயே திருப்பிக் கொண்டுவந்ததையும் பார்த்தவளிடம், ஏன் இந்த ஆசை என்று யாரும் கேட்கவில்லை. ஓரம் பிசகிக் கழிந்த துணித் துண்டுகளைச் சேர்த்துவைத்து என் கையிலும் காலிலும் கட்டுப் போட்டுப் பழகுவாள். சில நாட்களில் நான் போர்க்களத்திலிருந்து தப்பி வந்தவள் மாதிரி வாசலில் உட்கார்ந்திருப்பேன். முகாமில் யாருக்காவது கத்தி பட்டால், "டொக்டரிட்டப் போங்கோ" என்று எங்கள் வாசலுக்கு அனுப்பினார்கள். முதலில் கேலியாகச் சொன்னதுதான், நாளாக ஆக அதுவே அவள் பெயராகிவிட்டது.

பள்ளியில் கனகம் டீச்சர் என்று ஒருவர் விலங்கியல் நடத்தினார். சேத்தூர்க்காரர், வாயில் அதட்டலும் கையில் கடலை மிட்டாயும் எப்போதும் இருக்கும். தவளை அறுக்கும் வகுப்பில் அக்காவின் கையைப் பார்த்துவிட்டு, "செத்த தவளைக்கே நோகாம அறுக்கியேட்டி, நீ டாக்டருக்குத்தான் படிக்கணும்" என்றாராம். அன்று வீட்டுக்கு வந்து அக்கா அதைச் சொன்ன விதத்தை வைத்து, சீட்டே கிடைத்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் முகாமுக்கு ஒரு வழக்கம் இருந்தது. யாரும் எதையும் நிலையாக ஊன்ற மாட்டார்கள். கட்டில், பீரோ வாங்க மாட்டார்கள், ஊர் திரும்பும் கப்பலில் ஏற்ற முடியாது. குடிசைக்கு முன்னால் அவரைக்கொடி போடுவார்கள், முருங்கைக் கொம்புகூட நட மாட்டார்கள், காய்க்கும்வரை யார் இருக்கப்போகிறார்கள்? ஒவ்வொரு வீட்டிலும் கூரைக் கம்பில் ஒரு மூட்டை தொங்கும். அதற்கு "ஊருக்குப் போற மூட்டை" என்று பெயர். நல்ல சேலை, கோவில் படம், புதுப் பாத்திரம் எல்லாம் அதற்குள். எதைக் கேட்டாலும் "ஊருக்குப் போன பிறகு" என்பதே பெரியவர்களின் பதில், செருப்புக் கேட்டாலும் சரி, சைக்கிள் கேட்டாலும் சரி.

அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தாள். ஆனால் அதற்குள் முன்னாள் பிரதமர் கொல்லப்பட்டு, எங்கள் பக்கம் வீசிய காற்று மாறியிருந்தது. முகாம் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் இடமில்லை என்றார்கள். டாக்டர் படிப்புக்கு விண்ணப்பிக்கவே வழியில்லை. சரி, பி.எஸ்ஸி.யாவது படிக்கட்டும் என்று கனகம் டீச்சர் எங்கள் இருவரையும் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரிக்குக் கூட்டிப்போனார். அலுவலகத்தில் இருந்தவர் மார்க்கைப் பார்த்து மூக்கின் மேல் விரலை வைத்தார். முகாம் என்றதும் சான்றிதழைத் தடவித் தடவித் திருப்பிக் கொடுத்தார். "கோவிச்சுக்கிடாதீக டீச்சர், கேம்ப்புப் பிள்ளைகளச் சேக்கக் கூடாதுன்னு மேலருந்து சொல்லிருக்காவ."

டீச்சர் சும்மா இருக்கவில்லை. மறுவாரம் முகாமுக்கே வந்து, எங்கள் மண் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "சேத்தூர்ல எங்க அக்கா மகள்னு சொல்லி இன்னொரு காலேஜ்ல சேத்துவிடுதேன். என் வீட்லயே இருக்கட்டும். அம்புட்டு மார்க்க வச்சுக்கிட்டு இவ பேண்டேஜா சுத்தணும்?" என்றார். அக்காவின் முகத்தை நான் பார்த்தேன். அந்த நிமிடமே அவள் போய்விட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்த நாளிலிருந்து சக்கரம் சுற்றியபடியே இந்த ஊர்ப் பேச்சைப் பழகினோம். "வாரேன்", "போறேன்", "செத்த நேரம் இருங்க" என்று அவள் சொல்லுவாள், நான் டீச்சர் மாதிரி அதட்டித் திருத்துவேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அந்தக் குடிசையில் நாங்கள் அப்படிச் சிரித்தது அந்த ஒரு வாரம்தான்.

அப்பா சிரிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை, நம்பிக்கை மிகுந்தவர். எங்களைக் கெடுத்தது அதுதான். ஊர் திரும்புகிறவர்களுக்குக் கப்பல் விட்டார்கள், அதற்குப் பெயர் கொடுத்திருந்தார். கப்பல் வரும் நாளில் பெயர் கூப்பிடும்போது ஒருத்தி வேறொரு வீட்டுப் பிள்ளையாக வேறொரு ஊரில் இருந்தால் என்ன செய்வது? "இன்னொருத்தரிட பிள்ளையெண்டு பொய் சொல்லிப் படிக்கிற படிப்பு வேண்டாம் பிள்ளை. அடுத்த கப்பலில போயிடுவம். அங்க போய்ப் படி" என்றார். எங்களைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. இருக்கிற ஊரில் கதவு கொஞ்சம் திறந்தபோது, இல்லாத ஊரின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். அக்கா சக்கரத்தை இழுத்துவைத்துச் சுற்றத் தொடங்கினாள். பதில் கேட்க மறுபடி வந்திருந்த டீச்சர் எழுந்து போகும்போது படியில் நின்று, "யோசிங்கண்ணே, பொறவு வருத்தப்படாதீக" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கப்பலில் எங்கள் பெயர் வரவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. பிறகு அங்கே மறுபடியும் சண்டை தொடங்கியது, கப்பலே நின்றுபோனது. டீச்சரும் மாற்றலாகி வெளியூர் போய்விட்டார். அக்கா பேண்டேஜ் சுற்றினாள். அவள் சுற்றிய சுருள்கள் எந்தெந்த ஆஸ்பத்திரிக்கோ போயின.

தடை பின்னால் தளர்ந்தது. அப்போது அக்காவின் இடுப்பில் குழந்தை இருந்தது. தளர்ந்ததன் பலன் எனக்குக் கிடைத்தது. பட்டம் வாங்கினேன். வேலைக்குப் போன இடங்களில் எல்லாம் எந்த நாட்டுக்காரி என்று கேட்டார்கள். கேட்காத ஒரே இடமான ஜவுளிக்கடையில் இன்றுவரை சேலை விரித்துக் காட்டுகிறேன்.

கைச்சக்கரங்கள் இப்போது இல்லை. அந்த வேலையை மில்லில் இயந்திரம் செய்கிறது. மூட்டையைக் கறையான் அரித்துவிட்டது. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், ஊருக்கு அல்ல. அக்காவை யாரும் "டொக்டர்" என்று கூப்பிடுவதில்லை, அப்படிக் கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் உயிரோடு இல்லை. அக்காவின் கடைசி மகள் இங்கேயே பிறந்தவள், கடலைப் பார்த்ததில்லை. நாங்கள் பழகிப் பார்த்த பேச்சு அவளுக்குத் தாய்மொழி. ஆனாலும் அதிகாரிகள் முகாமுக்கு வந்து தலை எண்ணும் நாளில் எங்களோடு வரிசையில் நிற்க வேண்டியவள்தான். போன மாதம் பத்தாம் வகுப்பு முடித்தவள், மில் வேலைக்கு ஆள் ஏற்றும் வேனுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். நான் சத்தம் போட்டேன், படி என்றேன். அவள் என்னையும் என் கடைச் சீருடைச் சேலையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அம்மாவிடம் திரும்பினாள்.

"அம்புட்டு மார்க் வாங்கி நீ என்னம்மா பண்ணுன?"

மறுநாள் விடிகாலையில் வேன் ஹாரன் கேட்டபோது, மகளின் டிபன் பாக்ஸில் சோற்றை அழுத்தி வைத்து, சிந்தாமல் இருக்க ஒரு துணியால் இறுக்கிச் சுற்றி, நுனியை மடித்துச் செருகிக் கொடுத்தாள் அக்கா.