சிஸ்டர் சொன்ன ‘அய்யோ’

அப்பாவின் கணுக்காலுக்கு மேல் சிஸ்டர் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, “அய்யோ” என்றார். சத்தமாகச் சொல்லவில்லை, நீட்டி முழக்கவும் இல்லை. கைக்குட்டை கீழே விழுந்தால் நாம் “அடடா” என்போமே, அந்த அளவில்தான் இருந்தது. கட்டிலின் மறுபக்கம் பிளாஸ்கைத் திறந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது. மூடியைத் திரும்பவும் இறுக்கி, பிளாஸ்கைத் தரையில் வைத்துவிட்டு, சிஸ்டரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். சிஸ்டர் அதைக் கவனிக்கவில்லை. சார்ட்டில் எதையோ எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அங்கே ஒருவர் பாதி குடித்து வைத்திருந்த கஞ்சியைப் பார்த்து, அதே சொல்லை அதே குரலில் இன்னொரு முறை சொன்னார்.

அது 2003ஆம் ஆண்டின் மழைக்காலம். தேனியில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனை. அப்பா ஜெயமங்கலத்தில் நெல்லும் வாழையும் போட்டவர். இருதயம் தளர்ந்து, காலிலும் வயிற்றிலும் நீர் கோத்து, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அவரைக் கொண்டுவந்து சேர்த்திருந்தோம். ஊசி மருந்தில் நீர் மெல்ல இறங்கும், இறங்கும்வரை கட்டிலைவிட்டு நகர்த்தக் கூடாது, இடையில் வீட்டுக்குக் கொண்டுபோனால் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். நான் அப்போது பழனிசெட்டிபட்டியில் குடியிருந்துகொண்டு ஒரு நாளிதழின் தேனி அலுவலகத்தில் செய்தியாளனாக இருந்தேன். மருத்துவமனைக்கும் அலுவலகத்துக்கும் நடக்கும் தூரம்தான்.

சிஸ்டர் குமுளிக்கு அப்பால், ஏலத்தோட்டப் பக்கத்திலிருந்து வந்தவர். வயது முப்பதுக்குள் இருக்கும். அப்பாவை ‘அப்பச்சன்’ என்றும் அம்மாவை ‘அம்மச்சி’ என்றும் கூப்பிடுவார். அவருடைய தமிழ் வேலைக்குப் போதுமானதாக இருந்தது. அவசரத்தில் வினைச்சொற்கள் மட்டும் மலையாளத்துக்குப் போய்விடும். அவர் வாயில் ‘அய்யோ’ வராத வாக்கியம் குறைவு. காப்பி ஆறிப்போயிருந்தால் அய்யோ, அப்பாவின் தாடி வளர்ந்திருந்தால் அய்யோ. நான் மழையில் நனைந்துகொண்டு வந்தால், “அய்யோ சாரே, குட இல்லே?”

எங்கள் வீட்டில் அந்தச் சொல் கிடையாது. அது எமனுடைய பெண்டாட்டியின் பெயர் என்றும், சொன்னால் கூப்பிட்ட மாதிரி ஆகும் என்றும் அம்மா நம்பினார். சின்ன வயதில் நாங்கள் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு அந்தச் சொல்லைச் சொன்னால், காயத்தைப் பார்ப்பதற்கு முன் வாயில் ஓர் அடி விழும். “அம்மான்னு கத்து, இல்ல ஆத்தான்னு கத்து. அவளக் கூப்பிடாத.” அம்மாவே கையைச் சுட்டுக்கொண்டாலும் ‘ஆத்தே’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

செய்தி எழுதுகிறவன் என்பதால் இவற்றைத் தள்ளி நின்று கவனிக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. எங்கள் பக்கத்துத் தமிழில் பதைப்பும் வியப்பும் பெரும்பாலும் தனிச் சொல்லாக வருவதில்லை. வினையின் வாலில் ஏறிக்கொண்டு வரும். பால் பொங்கினால் ‘பொங்கிப்போச்சே’. மகன் சொல்லாமல் வந்து நின்றால் ‘வந்துட்டானே’. ஓர் ஏகாரம் போதும். மலையாளத்தில் உணர்ச்சி முன்னாலேயே வந்துவிடுகிறது: ‘எந்தொரு மழ.’ ஆங்கிலத்திலும் அப்படித்தான், ‘வாட் எ’ என்று தொடங்குகிறார்கள். ‘என்ன வெயில்’ என்று நாமும் சொல்கிறோம். கேள்வியைப் போலத் தொடங்கி, பதிலுக்குக் காத்திராமல் நிறுத்திக்கொள்வது பல மொழிகளுக்கும் பொது போலிருக்கிறது. வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. எந்தச் சொல்லை அன்றாடச் செலவுக்கு விடுவது, எதை எடுத்து உள்ளே வைப்பது என்பதில் ஒவ்வொரு மொழியும் வேறாக நடந்துகொள்கிறது. சிஸ்டரின் மொழியில் ‘அய்யோ’ புழங்கும் சொல். அம்மாவின் மொழியில் அது சாவு வீட்டுக்கென்று ஒதுக்கி வைத்த சொல்.

எங்கள் தொழிலிலும் இதே வேறுபாட்டைப் பார்த்திருக்கிறேன். தேக்கடி சாலையில் ஒரு விபத்து என்றால் எங்கள் தலைப்பு ‘பரிதாபம்’ என்று முடிந்து, பக்கத்தில் ஒரு வியப்புக்குறி குச்சி போல நிற்கும். அதே செய்தி ஆங்கிலத்தில் வரும்போது குறியும் இருக்காது, பரிதாபமும் இருக்காது. இறந்தவர்களின் எண்ணிக்கை மட்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்கும்.

சிஸ்டர் அடுத்த வார்டுக்குப் போனதும், தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கு அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

“ஏப்பா, அவுகள இன்னைக்கே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவோம்.”

“டாக்டர் என்ன சொன்னாருன்னு கேட்டீகள்ல?”

“அவரு சொன்னதையும் கேட்டேன். இவ சொன்னதையும் கேட்டேன். காலத் தொட்டுப் பாத்துட்டு வாயில வந்த வார்த்தையப் பாத்தியா? அந்த வார்த்த விழுந்த கட்டில்ல அவுகளப் போட்டு வைக்க மாட்டேன்.”

“அவுக ஊர்ல அது சும்மா பேச்சும்மா. சில்லறை இல்லேன்னாக்கூட அய்யோம்பாக.”

நான் அந்தச் சொல்லை வாயில் எடுத்ததற்கே அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அவுக ஊர்ல எப்படியும் இருக்கட்டும். எமனுக்கு இது மலையாளம், இது தமிழுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியுமாக்கும்?”

எத்தனையோ அதிகாரிகளிடம் நான் கேட்டிருக்கிற கேள்விகளைவிட அது நேரான கேள்வி. அம்மா வார்டுக்குத் திரும்பிப் போய் அப்பாவின் வேட்டிகளை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினார். அவர் சொன்னால் செய்கிறவர். ஆட்டோ பிடித்துவர என்னை அனுப்பாவிட்டாலும் தானே போய்ப் பிடித்துவருவார். போனால் என்ன ஆகும் என்று டாக்டர் சொன்னதை அவர் மறக்கவில்லை. ஆனாலும் அந்தச் சொல்தான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சுக்கு மூச்சு நிறுத்தித்தான் பேச முடிந்தது. “அந்தப் பிள்ள கூப்பிட்டுத்தான்... எமன் வரணும்னா... காலையில இருந்து இந்நேரத்துக்கு... இந்த வார்டே காலியாயிருக்கணும்டி.” பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். அப்பா தொடர்ந்தார். “நான் வரல. நீ வேணா போயி... வாழைக்குத் தண்ணி விடு.”

அம்மா போகவில்லை. வேட்டிகளும் பையைவிட்டு வெளியே வரவில்லை. மறுநாள் டாக்டர் நோயாளிகளைப் பார்க்க வந்தபோது அம்மா எழுந்து நின்று சொன்னார்: “அந்தப் பிள்ளைய அந்த ஒரு சொல்ல மட்டும் சொல்ல வேணாம்னு சொல்லுங்கய்யா. மத்தபடி தங்கமான பிள்ள.” டாக்டர் போடிக்காரர். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்காமல் தலையை ஆட்டினார். அவர் வீட்டிலும் அதே வழக்கமாக இருந்திருக்க வேண்டும்.

அன்று மாலையிலிருந்து சிஸ்டர் வாயை மூடிக்கொண்டார். காய்ச்சல் பார்ப்பார், ஊசி போடுவார், காலை அழுத்திப் பார்ப்பார், எழுதுவார், போவார். சில சமயம் ‘அ’ வரைக்கும் வந்து உதடு ஒட்டிக்கொள்ளும். பிறகு “சரி சரி” என்று எதற்கும் பொருந்தாத ஒன்றைச் சொல்வார். வராந்தாவில் என்னிடம், “அது இல்லாதே எங்க வீட்டில் ஒரு வர்த்தமானமும், ஒரு பேச்சும் இல்ல சாரே. இப்போ வாய் திறக்கவே பேடியாணு” என்றார். பயமாக இருக்கிறது என்பதை அவர் பயமில்லாத முகத்தோடுதான் சொன்னார். கொஞ்சம் மனத்தாங்கல் மட்டும் இருந்தது.

இந்த ஏற்பாட்டில் அதிகம் அவதிப்பட்டவர் அம்மாதான். சிஸ்டர் பேசியபோது ஒரு சொல்லுக்குத்தான் பயந்தார். பேசாமல் இருந்தபோது எல்லாவற்றுக்கும் பயந்தார். “இன்னைக்கு அவுக காலப் பாத்துட்டு ஒண்ணுமே சொல்லாமப் போறா. எல்லாரும் எதையோ மறைக்கிறாக. நீயும் சேந்து மறைக்கிறியா?” நீர் இறங்குகிறது என்று டாக்டர் சொல்லியும் நம்பவில்லை. வார்டுக்குள் யார் வந்தாலும் அம்மா முகத்தைத்தான் பார்த்தார். கலெக்டர் அலுவலகத்தில் யாராவது “ஒன்றும் இல்லை” என்றால் நாங்கள் அன்று முழுக்க அங்கேயே நிற்போம். அம்மாவும் அப்படித்தான் வார்டு வாசலில் நிற்கத் தொடங்கியிருந்தார்.

கடைசியில் அவரே சிஸ்டரின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“தாயி, நீ எப்பவும் போல இரு. உன் வாயில என்ன வருதோ அதச் சொல்லு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.”

“அய்யோ அம்மச்சி...” என்று தொடங்கிய சிஸ்டர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். அப்பாவுக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாறியது. சிஸ்டர் அவர் முதுகைத் தடவிவிட்டுக்கொண்டே, பாக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துச் சொன்னார் என்று நினைக்கிறேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். உதடு மட்டும் முணுமுணுத்தது. ஒவ்வோர் அய்யோவுக்கும் அவருக்குத் தெரிந்த சாமி ஒன்றின் பெயரைச் சொல்லி நேர்செய்துகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஒரு கணக்கு பிடிபட்டுவிட்டது. சிஸ்டர் அய்யோ என்றால் காப்பியோ தாடியோ குடையோதான். ஒரு நாள் அப்பாவின் காலை அழுத்திப் பார்த்துப் பள்ளம் விழாததைக் கண்டு சிஸ்டர் ‘ஹாவூ’ என்றார். அது என்ன என்று அம்மா என்னைக் கேட்டார். நம்முடைய ‘அப்பாடா’தான் என்றேன். “அப்ப அதுக்கு ஒண்ணு வச்சிருக்காக” என்று அம்மா சொல்லிக்கொண்டார். பையிலிருந்த வேட்டிகள் வெளியே வந்து கொடியில் காய்ந்தன. ஊருக்குப் போவதற்கு எந்தக் கிழமை நல்லது என்ற பேச்சும் வந்தது.

அப்பா ஊருக்குப் போகவில்லை. ஒரு முற்பகலில், இட்லி சாப்பிட்டுவிட்டு, வாழைக்கு முட்டுக்கொடுக்க ஆள் சொல்லியாச்சா என்று என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. சிஸ்டர் ஓடிவந்தார். டாக்டர் வந்தார். எங்களை வெளியே நிறுத்திவிட்டு நெஞ்சை அழுத்தினார்கள், ஊசி போட்டார்கள். பிறகு டாக்டர் வெளியே வந்து என் தோளில் கை வைத்தார். நீர் இறங்கிவிட்டது, இருதயம்தான் நின்றுவிட்டது என்றார். அதை நான் அப்படியே மனத்தில் குறித்துக்கொண்டது நினைவிருக்கிறது.

நாங்கள் உள்ளே போனபோது சிஸ்டர் அப்பாவின் கையில் மருந்து ஏற்றச் செருகியிருந்த ஊசியைக் கழற்றிக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. அம்மா கட்டிலின் மறுபக்கம், வழக்கமாக உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தார். அழவில்லை. கொஞ்ச நேரம் அப்பாவைப் பார்த்தார், பிறகு சிஸ்டரைப் பார்த்தார்.

“சொல்லு தாயி” என்றார் அம்மா. “இனிச் சொல்லலாம்.”

சிஸ்டரின் உதடு அசைந்தது. நாள் முழுக்க வாயில் புழங்கிய அந்தச் சொல் இப்போது வரவில்லை. ஊசி இருந்த இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றார். அங்கிருந்து இனி ரத்தம் வராது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

அம்மாதான் சொன்னார். எங்கள் ஊர்ச் சாவு வீடுகளில் தெருமுனைவரை கேட்குமே, அப்படிச் சொல்லவில்லை. காப்பி ஆறிப்போனதற்கு சிஸ்டர் சொல்வது போல, தணிந்த குரலில், ஒரே ஒரு முறை சொன்னார்.