எழுத்தைக் கேட்ட மனுசி

தொண்ணூறுகளில் சுவிஸில், ஓல்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்தேன். எங்கள் விசா அட்டையில் ஓர் எழுத்து இருக்கும். 'பி' (B) என்றால் வதிவிட அனுமதி, பயமில்லை. என்னுடையது 'என்' (N). அகதி வழக்கு முடியவில்லை, எப்போது வேண்டுமானாலும் திருப்பி அனுப்பலாம்.

ஏழாம் அறையில் இருந்த யூத மனுசி என்னைக் கண்டால், "உம்மட எழுத்து என்ன?" என்று கேட்பா.

"கவனம் தங்கச்சி, பொலிசுக்குச் சொல்லுற ஆளாக்கும்" என்றார் சமையலறையில் வேலை செய்த தமிழ் அண்ணை. அவ தொலைபேசியில் கதைத்தால் கதவோரம் நின்று ஒட்டுக்கேட்பேன்.

ஒருநாள் அவவின் யன்னல் கண்ணாடியைத் துடைக்கச் சவர்க்கார நுரை பூசும்போது மறுபடியும் கேட்டா. வாய் கூசாமல் "பி" என்றேன்.

அவ நம்பவில்லை. எழும்பி வந்து, நுரையில் விரலால் 'ஜே' (J) என்று எழுதினா.

"ஹிட்லர் காலத்தில ஜேர்மன்காரர் யூதர் எண்டு என்ர பாஸ்போட்டில குத்தின எழுத்து. இதைப் பாத்துத்தான் இந்த நாட்டு எல்லையில திருப்பி அனுப்பினவை. பிறகு வதைமுகாம். அம்மாவும் தங்கச்சியும் அங்கயே முடிஞ்சினம். பொலிஸ் உம்மைப் பிடிக்க வந்தால் இஞ்ச ஓடி வாரும். அவங்களுக்கு நான் கதவு திறக்கமாட்டன்."

'ஜே'க்குப் பக்கத்தில் 'என்' என்று எழுதினேன்.

இப்போதும் யாராவது விசா கேட்டால் முதலில் சந்தேகம்தான் வரும். ஆனால் அன்றைக்கு அந்தக் கண்ணாடியை நான் துடைக்கவில்லை.