கால் மணி நேரம் முன்னால்

எங்கள் கம்பெனியில் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்று தாம்பரம் ஆபீசில் என் மேஜைமேல், இன்னொன்று திருமுடிவாக்கம் பேக்டரியில் சூப்பர்வைசர் மேஜைமேல். இரண்டிலும் அதே ஆர்டர்கள். தொண்ணூறுகளில் இரண்டையும் இணைக்க வயர் ஏது? சாயங்காலம் அங்கிருந்து ஃபிளாப்பி வரும், சேர்த்துத் திருப்பி அனுப்புவோம். ஒரே ஆர்டரை இரண்டு பக்கமும் தொட்டிருந்தால், எந்தப் பக்கம் நேரம் பிந்தியதோ அது நிற்கும். மற்றது போச்சு. மறுநாள் லேத்தில் அதன்படிதான் வேலை.

நான் அப்போது பெர்மனென்ட் ஆகவில்லை. ஒரு பார்ட்டி போனில் அளவை மாற்றச் சொன்னார், மாற்றினேன். மறுநாள் பழைய அளவிலேயே கடைந்து வைத்திருந்தார்கள். அடுத்த வாரமும் இதே கதை. "மாத்தினேன் சார், சத்தியமா" என்று முதலாளியிடம் கெஞ்சினேன்.

"பொம்பளைங்க கைல கம்ப்யூட்டர குட்த்தா பேஜாருதான் சார்" என்றார் சூப்பர்வைசர், எல்லார் எதிரிலும். இன்னொரு தப்பு நடந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. ராஜகீழ்ப்பாக்கம் வரை பஸ்ஸில் அழுதுகொண்டே போனேன்.

பிறகு ஒருநாள் பேக்டரிக்குப் போக வேண்டி வந்தது. சுவர்க் கடிகாரம் கால் மணி நேரம் முன்னால் ஓடியது. பஸ்ஸை விடக் கூடாதென்று எல்லாரும் செய்வதுதான். ஆனால் கம்ப்யூட்டரிலும் அதே நேரத்தை வைத்திருந்தார் அந்த ஆள்!

"இன்னாம்மா பாக்குற? நம்ம டைம் முன்னாடி கீது. ஃபிளாப்பி அனுப்பசொல்ல எல்லா ஆர்டரயும் சும்மா ஒருதபா சேவ் பண்ணுவேன். அதான் நான் போட்டதே நிக்குது" என்று சிரித்தார்.

தெரிந்தே செய்திருக்கிறான், பாவி! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. முதலாளியிடம் சொன்னால் ஒரு திட்டோடு முடிந்துவிடும். எனக்கு அது போதாது. 'இரு, உனக்கு வைக்கிறேன்' என்று கருவிக்கொண்டு, ஆபீஸ் வந்ததும் என் கம்ப்யூட்டரில் சில மணி நேரத்தைக் கூட்டிவைத்தேன். தினமும் மதியம் எல்லா ஆர்டரையும் திறந்து, எதையும் மாற்றாமல் அப்படியே சேவ் செய்தேன். சாயங்காலம் அவர் எதை மாற்றினாலும் என் நேரம்தான் பிந்தியதாக இருக்கும்.

கொஞ்ச நாளில் மாட்டினார். பெரிய பார்ட்டி ஒருவரின் ஷாஃப்டை நீளமாக்கச் சொல்லி முதலாளியே அவருக்குப் போன் செய்தார். அவரும் மாற்றினார். ஆனால் நான் சேவ் செய்த பழைய நீளம்தான் நின்றது. மறுநாள் அத்தனை கம்பியையும் குட்டையாக வெட்டித் தள்ளிவிட்டார்கள். ஒன்றும் உதவாது.

முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார். "மாத்துனேன் சார்..." என்று ஆரம்பித்த சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. என் நேரத்தைப் பற்றிச் சொன்னால், தன் நேரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

"உனக்கு ஏதாவது தெரியுமாம்மா?" என்று முதலாளி என்னிடம் கேட்டார்.

"எனக்கென்ன சார் தெரியும்? அவரையே கேளுங்க."

"நாந்தான் மறந்துட்டேன் சார்" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

என் வயிறு குளிர்ந்தது. பெர்மனென்ட் ஆர்டர் கைக்கு வந்த பிறகுதான் என் கம்ப்யூட்டரில் நேரத்தைச் சரிசெய்தேன்.