ரஹீம் நானா காத்த மோட்டார் சைக்கிள்

ரஹீம் நானா மௌத்தாகிவிட்டார் என்று அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னபோது நான் அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றாள். பார்சலை மறுபடி சுற்றி வைத்துவிட்டுப் புறப்பட்டேன்.

உங்களில் பலருக்கு அவர் திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் வள்ளக்காரருக்குக் கயிறும் வலையும் விற்றவர். எனக்கு அவர் என் அண்ணன் சந்திரனின் கூட்டாளி.

யுத்தத்தில் நாங்கள் பாலையூற்றை விட்டு ஓடிய காலையில் அண்ணன் தன் மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோய் நானாவின் வீட்டுக் கொட்டிலில் நிறுத்தினான். ஹாண்டிலைத் திருப்பிப் பூட்டி, பழக்கதோஷத்தில் திறப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இந்தியாவுக்குப் போன படகில் அந்தத் திறப்பு எங்கோ தொலைந்துபோனது.

ஹாண்டில் பூட்டிய சைக்கிளை உருட்ட முடியாது. நானா வீடு மாறிய ஒவ்வொரு முறையும் நாலு பேர் சேர்ந்து அதைத் தூக்க வேண்டியிருந்தது. சுனாமி அதை வேலியோர மணலில் புதைத்துவிட்டுப் போனது. கடைச் சாமான்களைத் தேடுமுன் அவர் அதைத்தான் தோண்டி எடுத்தார் என்று அவருடைய மனைவி பாதி கோபமும் பாதி பெருமையுமாகச் சொல்வார். நான் ஊருக்குத் திரும்பிய பிறகும் தமிழ்நாட்டிலேயே இருந்துவிட்ட அண்ணன், அதை விற்றுவிடும்படி எத்தனையோ தரம் சொன்னான். நீ வந்து விற்றுக்கொள் என்பதே நானாவின் பதில். புதுத் திறப்பாவது செய்து வைக்கலாமே என்று நான் ஒருமுறை கேட்டேன்.

“இது அமானிதம், தம்பி. என்னை நம்பித் தந்த சாமான். நான் திறப்புச் செஞ்சா அது என்ட சைக்கிளாப் போயிரும்” என்றார்.

அண்ணன் வரவேயில்லை. போன வருடம் திருச்சியில் இறந்துபோனான். அதைச் சொல்ல நான் போனபோது நானா என்னைக் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். இனி இந்தச் சைக்கிளை உங்களிடம்தான் தர வேண்டும் என்றார். லொறி பிடித்து ஏற்றிக்கொண்டு போகிறேன் என்றேன்.

“நான் பாரமெடுத்தது ஓடுற சைக்கிள். குடுக்கிறதும் ஓடுற சைக்கிளா இருக்கணும்.”

அவருக்கு அப்போதே நெஞ்சு வருத்தம். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆனாலும் தோப்பூரிலிருந்து திறப்பு வெட்டுகிறவரை வரவழைத்தார். பூட்டை உடைப்பதுதான் சுகம் என்றார் வந்தவர். நானா சம்மதிக்கவில்லை, உடைத்தால் களவெடுத்த சைக்கிள் போலிருக்கும் என்றார். அந்த மனிதர் வெட்டாத திறப்பொன்றைப் பூட்டுக்குள் விட்டுத் திருகி, பட்ட அடையாளத்தைப் பார்த்து அராவி, மறுபடி விட்டுப் பார்த்தார். நானா பக்கத்திலிருந்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பின்னேரம் பூட்டு அசைந்தது. நேரே வந்த ஹாண்டிலை நானா இடமும் வலமுமாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார். கதிரை கொண்டுவந்து போட்டும் இருக்கவில்லை.

அதே திறப்பு பெற்றோல் டாங்கியின் மூடியையும் திறந்தது. உள்ளே துருவும் பசையும். டாங்கியைக் கழுவி, டயரும் வயர்களும் மாற்றி, காபரேற்றரைச் சுத்தமாக்கச் சில கிழமைகள் போயின. கடைசியில் நான் மிதிக்க மிதிக்க எஞ்சின் இருமி, கொட்டில் நிறையப் புகை கக்கிப் பிடித்துக்கொண்டது. நானா கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நிறுத்தச் சொல்லி, திறப்பை உருவி என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

அதன்பின் கொஞ்சம் கூச்சத்தோடு, ஒரு தரம் என்னை ஏற்றிக்கொண்டு போவீங்களா என்று கேட்டார். துறைமுகத்தைச் சுற்றி மெல்லப் போனோம். என் தோளில் கை வைத்திருந்தார். வளைவொன்றில் காதருகே அவர் குரல் கேட்டது.

“மெல்லப் போ, சந்திரன்.”

என்னை அவர் ஒருநாளும் ஒருமையில் அழைத்ததில்லை. மறந்து சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

“ஓம்” என்று வேகத்தைக் குறைத்தேன்.

சைக்கிளை இப்போது நான்தான் ஓடுகிறேன். நானாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது, தோளில் இருந்த அந்தக் கையையும், அன்று நான் ஓம் என்று ஏற்றுக்கொண்ட அண்ணனின் பெயரையும்தான்.