முப்பத்தோராம் அத்தியாயம்

யுத்த காலத்தில் பொம்மிடியில் ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்தேன். வாரப் பத்திரிகை ரயிலில் வரும். அதில் வந்த ஒரு சரித்திரத் தொடர்கதையை வாராவாரம் பிரித்தெடுத்து, முடிந்ததும் தைத்து அட்டை போட்டேன். நாற்பத்தெட்டு அத்தியாயங்கள். சரியாகச் சொன்னால் நாற்பத்தேழு. முப்பத்தொன்று வந்த வாரம் மழையில் பத்திரிகைக் கட்டு கூழாகிப் போயிற்று. வேறு பிரதி கிடைக்கவில்லை.

அதைச் சொல்லாமலே பார்த்தவரிடமெல்லாம் சிபாரிசு செய்தேன். ஆறு பேர் படித்தார்கள். திரும்பி வரும்வரை மூலை மடிப்பார்களோ, குழம்புக் கறை படுமோ என்று எனக்குச் சோறு இறங்காது. ஆறு பேரும் அருமை என்றார்கள். குறையை ஒருவரும் காணவில்லை.

ஏழாவதாகப் பக்கத்து வீட்டு அக்காவை நானே வற்புறுத்திப் படிக்க வைத்தேன். ரயில்வே பாயிண்ட்ஸ்மேனின் மனைவி. வீட்டில் தெலுங்கு, தமிழை விரல் வைத்துப் படிப்பார், எழுத வராது. பத்தொன்பதாம் நாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்.

"கோட்டைக்குள்ள ஒம்பது நாளு ராகிதான் இருக்குதுன்னு போட்டிருக்குது. அடுத்த பக்கத்துல எதிரி ஓடிட்டான். நடுவுல என்னங்க தம்பி ஆச்சு?"

உண்மையைச் சொன்னேன். புத்தகத்தை வேலிமேல் வைத்துவிட்டுப் போய்விடுவார், இனி என் சிபாரிசை ஊரில் யாரும் மதிக்கமாட்டார்கள் என்று பயந்தேன். அவரோ யோசித்துச் சொல்வதாக எடுத்துக்கொண்டு போனார். மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டு, எழுதிக்கொள்ளச் சொன்னார்.

கோட்டைப் பெண்கள் மதில்மேல் மணலைப் பரப்புகிறார்கள். அதன்மேல் ஒரு விரல் கனத்துக்கு ராகியைத் தூவிக் காயவைக்கிறார்கள். காலையில் துழாவுகிறார்கள், மாலையில் முறத்தில் அள்ளுகிறார்கள். கீழே முற்றுகையிட்டிருக்கும் எதிரிக்கு, உள்ளே இன்னும் ஒரு வருஷத் தானியம் இருப்பதுபோலத் தெரிகிறது. காக்கை விரட்ட ஒரு கிழவியையும் அக்கா உட்கார வைத்திருந்தார்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஏழு பக்கம். கோட்டையையே பார்த்திராதவர், ரேஷன் வரிசையில் நின்று, விருந்தாளிக்குப் பானையின் அடி தெரியாதபடி பரிமாறியவர்.

நான்கு மாதம் கழித்துச் சேலத்து நண்பர் ஒருவர் அச்சான முப்பத்தொன்றை அனுப்பினார். அதில் இளவரசன் சுரங்கவழியாகப் படையோடு வந்து காப்பாற்றுகிறான். அக்கா விரல் வைத்து முழுவதும் படித்தார்.

"சுரங்கம் இருந்துச்சுன்னா, அத்தன நாளு பட்டினி எதுக்குங்க கெடந்தாங்க?"

முப்பதாம் அத்தியாயத்தை இரண்டு தடவை புரட்டினேன், பதில் அகப்படவில்லை. அவருக்கே சங்கடமாகப் போய், எழுதினவர் பெரியவர், அவருடையதையே சேர்த்துவிடுங்கள் என்றார்.

தையலைப் பிரித்தேன். ஊசியில் நூல் கோத்த பிறகும் இரண்டு முப்பத்தொன்றையும் மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்தேன். கடைசியில் அவர் சொன்னதைக் கேட்காமல், ஏழு பக்கங்களையும் வைத்துத் தைத்தேன்.

இதுவரை இருநூற்றுப் பதினான்கு சரித்திர நாவல்கள் படித்துவிட்டேன். முற்றுகை வந்தால், உள்ளே எத்தனை நாள் தானியம் என்று எழுதியவர் அளந்தாரா என்றுதான் முதலில் பார்க்கிறேன். பெரும்பாலும் அளப்பதில்லை.